ஆயிரத்து இருநூறு நீலப் பந்துகள்

அம்பாலா கண்டோன்மெண்ட்
20 ஜனவரி 1991

அன்பு மகள் அனுபமாவுக்கு அம்மா எழுதுவது. மாதா ராணி புண்ணியத்தில் இங்கே எல்லோருக்கும் உடம்பு சுகம், மனசு சுகமா என்பதைக் கீழே படித்துத் தெரிந்துகொள். அங்கே ஜெர்மனியில் பனி முழங்கால் வரை என்று எழுதியிருந்தாய், காலுறை இரண்டு போடு, தலைக்கு எண்ணெய் வைக்காமல் இருக்காதே. இங்கேயும் ஒரு வாரமாக மூடுபனி, தெருமுனை தெரியவில்லை. டர்னிப் ஊறுகாய் போட்டேன், மாவும் நெய்யும் வெல்லமும் சேர்த்துப் பின்னி உருண்டை பிடித்தேன், இரண்டையும் உன் அப்பாதான் தின்று தீர்க்கிறார். என்னோடு பேச மட்டும் அவருக்கு வாய் வரவில்லை, இன்றோடு மூன்று நாள். ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படி. தொலைபேசி அவர் மேசையில் இருப்பதால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

இமாச்சல் பள்ளிக்கூடங்களுக்கு நம் பட்டறையிலிருந்து அறுநூறு பெட்டி மூலக்கூறு மாதிரி போகிறது, உனக்குத் தெரியும். கார்பனுக்குக் கறுப்புப் பந்து, ஆக்சிஜனுக்குச் சிவப்பு, நைட்ரஜனுக்கு நீலம், எல்லாம் பழைய கணக்குத்தான். போன வாரம் மூடி போட உட்கார்ந்தேன். பெட்டிகளின் மேல் தட்டில் அம்மோனியாவைக் கோத்தே வைத்திருந்தார்கள். எடுத்துப் பார்த்தால், நடுவில் நீலப் பந்து, சுற்றிலும் மூன்று வெள்ளைப் பந்து, சப்பென்று கூரை மின்விசிறி போலக் கிடக்கிறது. நீ பன்னிரண்டாவது படிக்கும்போது என் மேசைக்கு மேலே ஒட்டிய படம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. அதில் அம்மோனியா முக்காலி, மின்விசிறி இல்லை. நைட்ரஜனிடம் கொடுக்கல் வாங்கலுக்கு ஐந்து எலக்ட்ரான், அதில் மூன்று போய் மூன்று ஹைட்ரஜனோடு கைகோக்கும், மிச்சம் இரண்டும் ஜோடியாக உச்சியில் உட்கார்ந்துகொண்டு யாரோடும் சேராமல் மற்ற மூவரையும் கீழே தள்ளும், அதனால்தான் அது முக்காலி என்று நீதானே சொன்னாய். நீ சொல்லிவிட்டுப் போய்விட்டாய். இந்த வீட்டில் அதை ஞாபகம் வைத்திருப்பவள் எட்டாவது படித்த நான்.

பல்காரைக் கூப்பிட்டுக் கேட்டேன். பதினைந்து வருஷம் நம் துளை எந்திரத்தில் நின்றவன், வேலை தெரியாதவன் இல்லை. நைட்ரஜன் பந்தையும், துளைக்கும்போது பிடித்துக்கொள்ளும் கார்பனின் நான்கு பக்க அச்சில்தான் வைக்க வேண்டும், மூன்று பக்கம் துளைத்து நான்காவதைச் சும்மா விட வேண்டும். ஆனால் அந்த அச்சில் கார்பன் பந்துகள் மலை மாதிரி வரிசை கட்டி நின்றனவாம், மூன்று துளையையும் ஒரே மட்டத்தில் போடும் போரான் அச்சு காலியாகக் கிடந்ததாம். "அதுக்கும் மூணு ஓட்டை, இதுக்கும் மூணு ஓட்டை, அண்ணி. எந்த அச்சுல போட்டா என்ன?" என்றான். போரானுக்கு இருப்பதே மூன்று எலக்ட்ரான், மூன்றும் கைகோத்துவிடும், தள்ளுவதற்கு ஆள் இல்லை, அது சப்பையாகக் கிடப்பது நியாயம், நைட்ரஜனுக்கு உச்சியில் அந்த இரண்டு பேர் இருக்கிறார்களே என்றேன். "கண்ணுக்கே தெரியாத ரெண்டு பேரு, யாரோடயும் ஒட்ட மாட்டாங்க, ஆனா எல்லாரையும் தள்ளிவிடுவாங்க. நம்ம வீட்டுக் கல்யாணத்துக்கு வர்ற மாப்பிள்ளை சொந்தம்தான் அண்ணி அது" என்று சிரிக்கிறான். எனக்கும் சிரிப்பு வந்தது, அந்த எரிச்சல் வேறு.

உன் அப்பாவிடம் போனேன். அவருக்கு அது சப்பையாக இருப்பதில் பரம சந்தோஷம். முக்காலியாக இருந்தால் மூடி இடிக்குமாம். "தொறந்ததும் கண்ணுக்கு அழகா இருக்கணும், அன்னு அம்மா. மலைமேல இருக்கற வாத்தியாரு கோணம் அளந்தா பாக்கப் போறாரு?" என்றார். கோக்காமல் உதிரியாக வையுங்கள், பிள்ளைகள் கோத்துக்கொள்ளட்டும் என்றேன். சப்பைப் பந்துகள் வீணாகாது, நீலத்தைச் சுரண்டி வேறு சாயம் பூசி அடுத்த முறை போரானுக்கு வைக்கலாம் என்றும் சொன்னேன். அதற்கு அவர், "நீ மூடி போடற வேலையப் பாரு. டாக்டரே கையெழுத்துப் போட்டாச்சு" என்றார்.

அந்த டாக்டர் யார் என்று நினைக்கிறாய்? நீதான். பெட்டி மூடியில் உன் பெயர் அச்சாகியிருக்கிறது, டாக்டர் குமாரி அனுபமா பசின், ஜெர்மனி, என்று தங்க எழுத்தில். மாதிரிகளைப் பார்வையிட்டேன், அமைப்பு சரியாக உள்ளது என்று நவம்பரில் அப்பாவுக்கு எழுதிக் கொடுத்தாயாம். பார்வையிட்டாயா? எந்த ஜன்னல் வழியாக? அப்பா கேட்டார் என்றால் கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடுவதா? உன் மேல் எனக்கு ரொம்பக் கோபம், அதை மறைக்கப் போவதில்லை. ராத்திரி பகல் பாராமல் படித்து வாங்கிய பட்டம், அதைப் பொய்யான முக்காலிக்கு மேலே ஒட்டி அறுநூறு ஊருக்கு அனுப்புகிறார்கள். அங்கே ஒரு பெண் அதைப் பார்த்துத் தப்பாகவே படிப்பாள், பரீட்சையில் தப்பாகவே எழுதுவாள், குறை தன் தலையில்தான் என்று நினைத்துக்கொள்வாள். மூடியில் டாக்டர் பெயர் இருக்கும்போது அவள் வேறு யாரைச் சந்தேகப்படுவாள்?

அதனால் நான் ஒரு காரியம் செய்தேன். வியாழக்கிழமை உன் அப்பாவும் பல்காரும் மார்க்கெட் போன நேரத்தில் அறுநூறு பெட்டியையும் திறந்து, பெட்டிக்கு இரண்டாக ஆயிரத்து இருநூறு நீலப் பந்தையும் எடுத்துவிட்டேன். குளிருக்குப் போர்த்தும் ரஜாய் எல்லாம் வெளியே இருப்பதால் பெரிய இரும்புப் பெட்டி காலியாக இருந்தது, அதில் போட்டுப் பூட்டிவிட்டேன். சாவி என் துப்பட்டா முனையில் இருக்கிறது, குளிக்கும்போதும் கழற்றுவதில்லை. நைட்ரஜன் இல்லாமல் லாரி போகாது. உன் அப்பா முதல் நாள் கத்தினார், இரண்டாம் நாள் பல்காரைத் தூது விட்டார், இப்போது பேசுவதே இல்லை. நேற்று பல்கார் தனியாக வந்து, "அண்ணி, நீங்க சொன்னா அவரு பிடிவாதம்னு சொல்றாரு. அதையே அன்னு பாப்பா சொன்னா அறிவியல்னு கேப்பாரு. ஒரு வார்த்த வாங்கிக் குடுங்க, பத்து நாள்ல புதுசாத் துளைச்சுத் தர்றேன்" என்றான். அவன் சொன்னது நிஜம்தான், அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். பத்தொன்பது வருஷமாக இந்தப் பந்துகளைக் கையில் எடுத்து வைக்கிறேன், எந்தப் பெட்டியில் எது குறைகிறது என்று தூக்கிப் பார்த்தே சொல்வேன். ஆனாலும் என் வீட்டில் என் சொல் நிற்க, கடல் தாண்டியிருக்கும் நீ சாட்சி சொல்ல வேண்டியிருக்கிறது.

பனி விடுமுறை முடிந்து இமாச்சலில் பள்ளிக்கூடம் திறக்கிறது, லாரி பிப்ரவரி பதினாறாம் தேதி கிளம்ப வேண்டும். இது உன் கைக்கு இந்த மாதக் கடைசியில் கிடைக்கும். கடிதம் எழுதாதே, நேரமில்லை. போனும் பண்ணாதே, அவர் இரண்டு வார்த்தை அன்பாகப் பேசினால் நீ உருகிவிடுவாய். அப்பா பெயருக்குத் தந்தி அடி. வேளைக்குச் சாப்பிடு, அந்த ரொட்டியை மட்டும் கடித்துக்கொண்டு திரியாதே, பருப்பு வேகவைக்க உனக்கென்ன கஷ்டம். மாதா ராணி உன்னைக் காப்பாற்றட்டும், நூறு வயசு இரு, கையெழுத்துப் போடும் முன் கண்ணால் பார்க்கும் புத்தியையும் அவள் கொடுக்கட்டும்.

தந்தியில் எலக்ட்ரான், கோணம் ஒன்றும் வேண்டாம். அம்மா சொன்னது சரி. இந்த மூன்று வார்த்தை போதும். பந்துக்காக மட்டும் கேட்கவில்லை மகளே, அந்த மூன்று வார்த்தையை இந்த வீட்டில் இதுவரை யாரும் சொன்னதில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா
சுதேஷ்