நான் திருத்திய ஸ்வரம்

என் மரியாதைக்கும், இப்போதைக்குக் கொஞ்சம் கோபத்துக்கும் உரிய உங்களுக்கு,

நானும் அத்தையும் சௌக்கியம். நீங்கள் பேண்டில் ஊதுகிற ஹார்னும் சௌக்கியம். வாராவாரம் வால்வுக்கு எண்ணெய் விட்டு, துடைத்து, பெட்டியில் படுக்க வைக்கிறேன். நீங்கள் சௌக்கியமா என்பதுதான் உங்கள் கடிதங்களிலிருந்து தெரிவதில்லை. போன மாதம் துறைமுகத்தில் காற்று அதிகம் என்று எழுதியிருந்தீர்கள். அதற்கு முந்தின மாதம் காற்று குறைவு என்று. பதினொரு மாதத்தில் அந்த ஊர்க் காற்று எனக்கு அத்துப்படி ஆகிவிட்டது.

இங்கே வாரம் முழுக்கப் பனிமூட்டம். காலையில் ஜன்னலைத் திறந்தால் எதிர்வீடே காணோம். ரொட்டிக்கடைக்காரரின் சைக்கிள் மணி வருகிறது, ஆள் வருவதில்லை. இந்த மாதிரி நாட்களில் எனக்குக் கை ஓடாது, தெரியுமே. ஸ்வரம் எழுதக் கோடு போட்ட தாளை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபடியே பாதித் தூக்கத்துக்குப் போய்விடுகிறேன். அத்தை வந்து, பேனா மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு யாரோடு பேசுகிறாய் என்று கேட்கிறார்கள். பேசினேனாம். எனக்கு நினைவில்லை.

துறைமுக வேலை ஒப்பந்தத்தை இன்னும் மூன்று வருஷத்துக்கு நீட்டச் சொல்கிறார்களாமே, மாதக் கடைசியில் கையெழுத்தாமே. பெற்ற தாய் என்று அத்தையிடம் போனில் சொல்லிவிட்டு, கட்டினவளுக்குக் காற்று நிலவரம் எழுதுகிறீர்கள். சரி, எனக்கு அது வேண்டியதுதான். ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இந்தக் கடிதத்தை முழுக்கப் படித்துவிடுங்கள். சுற்றி வளைக்கத் தெம்பில்லை, சொல்லிவிடுகிறேன். அந்த ஸ்வரம் நீங்கள் ஊதினதுதான் சரி. தப்பு என்னுடையது.

நடந்ததை வரிசையாக எழுதப் போகிறேன். உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் நான் ஒரு தடவையாவது உள்ளதை உள்ளபடி சொல்லியாக வேண்டும்.

நகர அருங்காட்சியகத்து நிலவறையிலிருந்து அந்தப் பழைய ராணுவ பேண்டின் தாள்கள் வந்தன. நூற்றைம்பது வருஷத்துப் பழசு. படை சாயங்காலம் முகாமுக்குத் திரும்பும்போது வாசிக்கிற நடை. நம் பேண்டில் இருக்கிற இந்தக் காலத்து வாத்தியங்களுக்கு ஏற்றபடி பிரதி எடுக்கிற வேலை வழக்கம்போல என் தலையில். நடுவில் முதல் ஹார்ன் மட்டும், அதாவது நீங்கள் மட்டும், தனியாக வாசிக்கிற ஒரு சின்னத் துண்டு வருகிறதே, அதன் உச்சியில் ஒரு ஸ்வரம் முன்னும் பின்னும் வருகிற ஸ்வரங்களோடு ஒட்டவில்லை. அந்தக் காலத்துப் பிரதிக்காரர் கை தவறி எழுதிவிட்டார், பாவம், என்று நானே தீர்ப்பு எழுதி, அரை ஸ்வரம் உயர்த்திவிட்டேன். நான்கு இடத்தில் வருகிறது, நான்கையும்.

நீங்கள் சாப்பாட்டு மேசையில் மூலத்தாளைப் பார்த்துவிட்டு, இதைத் தொடாமல் விட்டுவிடேன் என்றீர்கள். அந்தச் சிப்பாய்களின் ஹார்னில் ஸ்வரம் மாற்ற அழுத்துகிற வால்வே கிடையாது, உதடு கொடுத்ததுதான் ஸ்வரம் என்றீர்கள். நான் என்ன சொன்னேன்? பதினைந்து வருஷமாகப் பிரதி எடுக்கிறேன், ஊதுகிறவர் ஊதினால் போதும் என்றேன். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

ஒத்திகையில் அந்த இடம் வந்தது. நீங்கள் இடது கை விரல்களை வால்வை விட்டுத் தூக்கினீர்கள், வெறும் உதட்டால் ஊதினீர்கள். வந்த சத்தம் நான் எழுதினதும் இல்லை, பழைய தாளில் இருந்ததும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ நின்றது. பேண்ட் மாஸ்டர் கோலைத் தட்டி நிறுத்தினார். மூன்று தடவை நிறுத்தினார், மூன்று தடவையும் நீங்கள் அப்படியே ஊதினீர்கள். பிரதியில் என்ன இருக்கிறது என்று என்னைக் கேட்டார். பிரதி சரி, மூன்று முறை சரிபார்த்தேன் என்றேன், இருபத்தாறு பேர் முன்னால். சரிபார்த்தது என் பிரதியை என் பிரதியோடுதான்.

காது கெட்டுப்போனவர்களை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது என்று அவர் உங்களைக் கேட்டபோது நான் பென்சில் சீவிக்கொண்டிருந்தேன். நீங்கள் கத்தியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். ஹார்னில் தேங்கிய தண்ணீரை வடித்தீர்கள், பெட்டியில் வைத்தீர்கள், நாற்காலியை ஒழுங்காக உள்ளே தள்ளிவிட்டு இறங்கிப் போனீர்கள். பத்தாம் நாள் துறைமுக வேலைக்குக் கிளம்பினீர்கள். ஹார்னை எடுத்துக்கொள்ளவில்லையா என்று கேட்டேன். அங்கே ஈரக்காற்று, பித்தளைக்கு ஆகாது என்றீர்கள். அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது இந்தக் காற்றுப் புராணம்.

இதை நேற்று இந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். கண்ணீர் சொட்டினால் எழுத்தின் மை கலைந்துவிடும் என்று.

இன்றும் பனிதான். போன செவ்வாய்க்கிழமை இதே பனியில்தான் பழைய தாள்களைத் திருப்பிக் கொடுக்க அருங்காட்சியகம் போனேன். வாத்திய அறையைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் எனக்கு ஒரு நாற்காலி போட்டார். பெரிய ஜன்னல், வெளியே ஒன்றும் இல்லை, வெள்ளையாக இருந்தது. சுவரில் அதே படையின் ஹார்ன் ஒன்று மாட்டியிருந்தது. வால்வு இல்லை, பொத்தான் இல்லை, சும்மா சுருட்டி வைத்த குழாய். இதை வாசிப்பீர்களா என்று கேட்டேன், பேச்சுக்கு. மாதம் ஒரு தடவை ஊதாவிட்டால் இதற்கு உடம்பு சரியில்லாமல் போய்விடும் என்று சிரித்தபடி இறக்கி, துணியால் துடைத்து, கீழிருந்து ஒவ்வொரு ஸ்வரமாக ஏறினார்.

உச்சிக்குப் பக்கத்தில் அது வந்தது. உங்கள் ஸ்வரம்.

அதை எப்படிச் சொல்வது? அழுது முடித்தவர் முதல் வார்த்தை பேசுகிற குரல் மாதிரி இருந்தது. அறை எங்கேயோ போய்விட்டது. ஒரு மண் சாலை, முழங்கால் வரை சேறு, வரிசை கலையாமல் நடக்கிறவர்கள், யாருக்கும் முகம் தெரியவில்லை, கால்கள் மட்டும். வீட்டுக்குப் போகிறோம் என்ற சந்தோஷமும், யார் யாரை விட்டுவிட்டு வருகிறோம் என்பதும் அந்த ஒரே சத்தத்தில் இருந்தன. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ, அந்த அம்மாள் தண்ணீர் கொண்டுவந்து வைத்திருந்தார். குழாயில் ஏறுகிற படிகளில் எட்டு, ஒன்பது எல்லாம் ஒழுங்காக வரும், பதினொன்றாவது படி மட்டும் இப்படித்தான், குழாயின் பிறவிக்குணம், தெரிந்தேதான் எழுதியிருக்கிறார்கள் என்றார். இப்போதைய ஹார்னிலும் வால்வைத் தொடாமல் ஊதினால் இதே வரும் என்றார். எனக்கு முன்பே ஒருவர் சொன்னார் என்றேன். யார் என்று கேட்டார். என் வீட்டுக்காரர் என்றேன்.

சனிக்கிழமை ஒத்திகைக்குப் போனேன். பழைய டிராம் கொட்டகையின் மாடி, அதே ஒழுகல், அதே பக்கெட். எல்லாரும் சுருதி சேர்த்து முடித்ததும் எழுந்து நின்றேன். “அந்தப் பிரதி தப்பு. மூலத்துல இருந்ததை நான்தான் மாத்தினேன். அவர் ஊதினதுதான் சரி. அன்னிக்கே எனக்குச் சந்தேகம் வந்துச்சு, வாயைத் திறக்கல.” இவ்வளவுதான் சொன்னேன். கடைசி வாக்கியத்தை நீங்களும் இப்போதுதான் கேள்விப்படுகிறீர்கள். ஆமாம், நீங்கள் மூன்றாம் தடவை ஊதும்போதே சந்தேகம் வந்தது. உங்களைவிட என் கையெழுத்தின் பெயர் எனக்குப் பெரிதாக இருந்தது. மன்னிக்க முடியுமா என்று கேட்கிற தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை.

பெரிய குழல் ட்யூபாவை ஊதுகிறவர்தான் முதலில் இருமினார். பிறகு பல் டாக்டர், அதாவது உங்கள் பக்கத்து நாற்காலிக்காரர், நான் பார்க்கிறேன் என்று வால்விலிருந்து விரலைத் தூக்கிவிட்டு ஊதினார். அவரிடம் பல் பிடுங்கிக்கொள்கிறவர்கள் போடுகிற சத்தம் வந்தது. கொட்டகையே சிரித்தது. இரண்டாம் தடவையும் அதேதான். மூன்றாம் தடவை அவரே ஹார்னை மடியில் வைத்துவிட்டு, அவர் உதடு நமக்கு வராதுங்க என்றார்.

பேண்ட் மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். அப்புறம், “அவர் நாற்காலியைக் கொண்டாந்து போடுங்க” என்றார். அதைப் போட்டார்கள். அது இப்போது அங்கேதான் இருக்கிறது. மறுநாள் வீட்டுக்கு வந்து அத்தையிடம் அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார். காது கெட்டது தனக்குத்தான் என்று உங்களுக்கு எழுதச் சொன்னார். அவரே எழுதட்டும் என்று அத்தை சொல்லிவிட்டார்கள். எழுதுவார்.

அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஆற்றங்கரைப் பூங்காவில் அந்த நடையை வாசிக்கிறோம். உங்கள் துண்டை வேறு யாருக்கும் தரப்போவதில்லையாம். நீங்கள் இல்லையென்றால் அந்த இடத்தில் மற்றவர்கள் வாத்தியத்தை இறக்கிவிட்டு நிற்பார்கள், முரசு மட்டும் நடைபோடும்.

புதுப் பிரதி எடுக்கச் சொல்லியிருக்கிறார். மூன்று நாளாக எடுக்கிறேன். எல்லாம் முடிந்துவிட்டது, அந்த நான்கு இடங்களைத் தவிர. மேலே எழுதினாலும் பொய், கீழே எழுதினாலும் பொய். நடுவில் எழுத எனக்குத் தெரிந்த குறி எதுவும் இல்லை. வெற்றிடமாக விட்டிருக்கிறேன். பதினைந்து வருஷத்தில் நான் வெற்றிடம் விட்ட முதல் பிரதி இது.

வேலை நல்ல வேலை, எனக்குத் தெரியும். அங்கே உங்களை மதிக்கிறார்கள் என்றும் தெரியும். கையெழுத்துப் போட வேண்டும் என்று உங்கள் மனசு சொன்னால் போடுங்கள், நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். ஆனால் என்மேல் உள்ள வருத்தத்தில் போடாதீர்கள். எனக்கு உங்களைப் பார்க்க வேண்டும். ஹார்ன் இல்லாமல் வந்தாலும், கோபத்தோடு வந்தாலும், பேசாமல் வந்து உட்கார்ந்தாலும் சரி. வாருங்கள் என்று எழுத எனக்கு என்ன யோக்கியதை என்று தெரியவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

வாருங்கள்.

எங்கே இருந்தாலும் உடம்பும் மனசும் நன்றாக இருக்க வேண்டும் என்று அத்தை ஆசீர்வாதம் எழுதச் சொன்னார்கள்.

அவர்கள் சொன்னதற்குக் கீழே கையெழுத்திடும்,
உங்கள் மனைவி