கறை வேறு, சொத்தை வேறு

மழை தப்பாது பொழிக! ஆலைப்புகை ஓயாது எழுக! கரும்பு வேலி சூழ்ந்த கழனிநாட்டைக் காத்தருளும் மன்னர் வல்லங்கடம்பர் திருமுன்பு, கற்குன்றநாட்டு அமைச்சரும் இளவரசி நறுங்கோதையின் தாய்மாமனுமாகிய பூதந்திரையர் பணிந்து விடுக்கும் ஓலை. தேவரீர் நலமறிய ஆவல். தங்கள் கடைவாய்ப் பல்வலி தணிந்ததா என்றறிய அதனினும் ஆவல்.

தங்கள் இளவரசருக்குப் பெண்பார்க்க வந்த தங்கள் குலப்பெண்டிர், தங்கள் வழக்கப்படி இளவரசியின் கையில் கரும்பைக் கொடுத்துக் கடிக்கச் சொன்னார்கள். குழந்தை ஒரே கடியில் கணுவோடு முறித்தாள். ஐயோ, அதை மெச்சாமல், அவள் முன்பற்களில் ஓடிய பழுப்புக் கோடுகளைச் சொத்தை என்று முடிவுகட்டி, தாம்பூலத்தைத் தொடாமலே எழுந்துவிட்டார்கள். தட்டானைக் கொண்டு கறையை அரத்தால் ராவினாலன்றி மணமில்லை என்பது அவர்கள் வாக்கு. அன்றுமுதல் குழந்தை முந்தானையால் வாய் பொத்தியே பேசுகிறாள். நேற்றுக் காலை அவளே தட்டானுக்கு ஆள் அனுப்பினாள். வந்தவனை வாசலோடு திருப்பியனுப்பிவிட்டுத்தான் மாமனாகிய அடியேன் எழுத்தாணியைத் தொட்டேன்.

அது சொத்தையன்று. எங்கள் அரண்மனை மருத்துவர் ஆதிகூத்தர் இருபதாண்டு ஊர் ஊராய்ச் சுற்றி, காண்போர் வாயையெல்லாம் திறக்கச் சொல்லிக் கண்டறிந்ததாவது: எல்லார் வாயிலும் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் குடியிருக்கின்றன. நாம் உண்ணும் இனிப்பை அவையும் உண்டு, புளிப்பைக் கக்கிப் பல்லைக் கரைக்கின்றன. எங்கள் குன்றத்து ஊற்றுகளிலோ கல்லின் சாரம் ஒன்று கரைந்திருக்கிறது. அளவோடு இருந்தால் அது பல்லில் ஊறி உறுதி தரும். கிருமியின் உள்ளும் புகுந்து, இனிப்பைப் புளிப்பாக்கும் அதன் வல்லமையைக் குறைக்கும். கிருமி ஒழிந்துபோகாது, கொட்டம் அடங்கும், அவ்வளவே. ஆனால் ஈறுக்குள் பல் உருவாகும் பருவத்தில் அச்சாரம் அளவு மீறினால் கறை விழும். இன்னும் மிகுந்தால் எலும்பும் கெடும். இளவரசி வளர்ந்த உச்சிச்சுனை மாளிகையின் நீர் அத்தகைய கடுநீர் என்பதை அன்று எவரும் அறியவில்லை. பிழை பெரியவர்களாகிய எங்களது. இன்று அங்குள்ள பிள்ளைகளுக்கு மழைநீரே தருகிறோம்.

ஆகவே அவள் வாயில் கறை உண்டு, சொத்தை ஒன்றுகூட இல்லை. தங்கள் குலப்பெண்டிரோ, கோபம் வேண்டா, அன்றைய விருந்தில் முறுக்கைப் பாலில் ஊறவைத்துத் தின்றதை ஊரே பார்த்தது.

தேவரீர் எங்கள் மன்னரின் பால்யத் தோழர். மணம் நடந்தாலும் நடவாவிடினும் ஆதிகூத்தர் இவ்வோலையோடு தங்களிடம் வருகிறார். கெட்ட பல்லை மீட்க அவராலும் ஆகாது. எஞ்சிய பற்களையும் தங்கள் நாட்டுப் பிள்ளைகளின் பற்களையும் காக்கும் வழியை, எங்கள் ஊற்றுநீர் எவ்வளவு நன்று, எவ்வளவு தீது என்பதோடு, அவர் சொல்வார்.

இதுவரை எழுதியதைப் படிக்கக் கேட்ட இளவரசி வாயைப் பொத்தியிருந்த முந்தானையை விலக்கி, தன் வாக்கையும் சேர்க்கப் பணித்தாள். தன் பல்லில் அரம் படாது என்றும், இளவரசர் விரும்பினால் தாமே வந்து எதிரில் அமர்ந்து பார்க்கட்டும் என்றும், அவர் முகம் சுளித்தால் வழியனுப்பத் தானே வாசல்வரை வருவாள் என்றும் சொன்னாள். கேட்டிருந்த மன்னர் கண் துடைத்துக்கொண்டு, எங்கள் பெண் எங்களுக்குப் பாரமல்லள் என்று அதன்கீழ் எழுதச் சொல்லி, தம் கையாலேயே அரக்கு உருக்கி முத்திரை வைக்கிறார்.