அத்தி இலையில் வைத்த பாஸ்தா

தங்கச்சி,

என் குசினி மேசையில் ஓர் அத்தி இலை கிடக்கிறது. காய்ந்து சுருண்டும் வாசம் போகவில்லை. பேத்தி இத்தாலியிலிருந்து புத்தகத்துக்குள் வைத்துக் கொண்டுவந்தாள்.

சுவிசுக்கு வரும் வழியில் அகப்பட்டு நீ கோப்பை கழுவிய அந்தப் பழைய மாளிகை, இப்போது மாணவர்கள் தங்கிப் படிக்கும் இடம். பழைய சுவர்களைச் செப்பனிடப் படிக்கிற பேத்தி, உன் கதைகளைக் கேட்டுத்தான் அங்கே போனாளாம். அவளுக்குச் சொன்னாய், எனக்குச் சொல்லவில்லை. இதையும் நான் மறக்கமாட்டேன்.

அம்மா ஊரில் செத்தபோது நீ அந்த இத்தாலி மாளிகையில் இருந்தாய். தொலைபேசியில் கேட்டேன்.

"அம்மாவுக்குப் படையல் ஏதும் செய்தனியோ?"

"ஓமக்கா."

"எங்கை? என்ன செய்தனி?"

"அதை விடக்கா."

விட்டேனா? பொய் சொல்கிறாய் என்று முடிவெடுத்தேன். பிறகு நீ சுவிசில் பேர்ணுக்கு வந்து சேர்ந்த பின்னும், ஒவ்வொரு சித்திரைப் பௌர்ணமிக்கும் அம்மாவுக்காக நாம் சேர்ந்து சமைக்கையில், "இத்தாலிக்காரிக்குப் படையல் தெரியுமோ?" என்று குத்தினேன். நீ மரக்கறியை வெட்டிக்கொண்டே இருந்தாய்.

அடுத்த கிழமை உன் முதலாவது திவசம். சமைக்கமாட்டேன் என்று உன் மகனிடம் சொல்லியிருந்தேன். பெற்றவளுக்குச் செய்யாதவளுக்கு நான் ஏன் செய்ய?

நேற்றுப் பேத்தி தன் கைத்தொலைபேசியில் ஒரு வீடியோ காட்டினாள். அந்த மாளிகையின் குசினி மதில். நரைத்த இத்தாலியச் சமையல்காரி ஒருத்தி, பிள்ளைகள் சாப்பிட உட்காருமுன், அத்தி இலையில் பாஸ்தா வைத்துக் காகத்தைக் கூப்பிடுகிறாள்:

"வாணை, வாணை!"

எங்கள் ஊரிலேயே காகத்தை அப்படி மரியாதையாகக் கூப்பிட்டவ அம்மா ஒருத்திதான். அம்மாவின் அதே இழுவை, அந்த வெள்ளைக்காரியின் வாயில்!

"ஆரடி இவ?"

"சின்னம்மம்மாவோட வேலை செய்தவ. உங்கடை அம்மா செத்த அண்டைக்குச் சின்னம்மம்மா தன்ரை சாப்பாட்டைக் காகத்துக்கு வைச்சிட்டுப் பட்டினியாம். தன்ரை தாய் செத்த பிறகு இவவும் அப்பிடியே வைக்கிறாவாம்."

"அவள் ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

பேத்தி சிரித்தாள். "'பாஸ்தாவோடி படைச்சனி' எண்டு அக்கா சாகுமட்டும் கேப்பா, சொல்லாதை எண்டவ."

கேட்டிருப்பேன்தான். அதற்காக? கேட்டால் கேட்டுவிட்டுப் போகிறாள் என்று சொல்லித் தொலைத்திருக்கக்கூடாதா? இத்தனை வருடக் கோபத்தை இனி நான் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? கொட்டுவதற்கு நீயும் இல்லை.

உன் மகனுக்குச் சொல்லிவிட்டேன். திவசத்துக்கு நான்தான் சமைப்பேன்; வேறொருத்தரும் குசினிக்குள் வரக்கூடாது.

இன்று காலை, பறவைகளுக்குத் தீனி போடக்கூடாது என்று வீட்டுக்காரர் ஒட்டிய அறிவித்தலுக்கு நேர் கீழே, பல்கனியில் அந்த இலையை விரித்துக் கொஞ்சம் பாஸ்தா வைத்தேன். எதிர்க் கூரையில் நான் இருக்கும் இந்த ஓல்டன் நகரத்துக் காகம் ஒன்று தலையைச் சரித்துப் பார்த்தது.

அம்மாவுக்குத்தான் 'வாணை'. உனக்கென்ன மரியாதை?

"வாடி," என்றேன். "வந்து தின். கோபம் இன்னும் தீரேல்லை."