குமிழி நின்ற பிறகு

அக்டோபர் 12, சனி

தங்கை ஜோலீன் கல்யாணத்துக்கு நிலவறையில் ஒரு வாளி பீர் போட்டாயிற்று. டேல் குடியை விட்டதிலிருந்து நானும் காய்ச்சவில்லை. தயங்கினேன். அவன்தான், "நான் குடிக்கிறதை விட்டா நீ ஏன் காய்ச்சறதை விடணும்?" என்றான். கணவன் சொல் தட்டாதவளாம் நான்!

காய்ச்சிய மால்ட் சாறு ஆறியதும் ஈஸ்ட் தூவி, மூடியில் ஏர்லாக் செருகினேன். வளைந்த சின்னக் குழாய், நடுவில் கொஞ்சம் தண்ணீர். உள்ளே உண்டாகும் வாயு வெளியே போகும். வெளிக்காற்று உள்ளே வராது.

அக்டோபர் 13

ஏர்லாக்கில் குமிழிச் சத்தம். பொளக். பொளக். வேறு வேலையே ஓடவில்லை.

அக்டோபர் 14, திங்கள்

ஆசை தாங்காமல் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தேன். பழுப்பு நுரை, ரொட்டி வாசனை. "தொட்டில் குழந்தையா அது?" என்று டேல் கிண்டல்.

அக்டோபர் 15, செவ்வாய்

சத்தமே இல்லை. ஏரிக்காற்றில் நிலவறை குளிர்ந்துவிட்டதா? குளிர்ந்தால் உள்காற்று சுருங்கி, குழாய்த் தண்ணீர் உள்பக்கமாக ஏறியிருக்கும். ஏறவில்லை; இருபுறமும் சமமாக நிற்கிறது. ஈஸ்ட் செத்ததா? இல்லை, யாராவது திறந்து —

இன்று டேலுக்கு லீவு. பகலெல்லாம் வீட்டில் தனியாக இருந்தான்.

சே. என்ன புத்தி இது.

அக்டோபர் 16, புதன்

மூடியைத் தொடாமல், வாளியின் அடிக்குழாயில் கொஞ்சம் பிடித்து, அடர்த்தி காட்டும் ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டேன். சனிக்கிழமை 1050, இப்போது 1020. சர்க்கரை குறைந்திருக்கிறது, அதாவது நொதிக்கிறது! அப்படியானால் வாயு எங்கே போகிறது? மூடி விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவினேன். ஓரிடத்தில் மட்டும் நுரை பொங்கியது. அங்கே ரப்பர் வளையம் மடங்கிக் கிடந்தது. திங்களன்று திறந்து மூடியவள் நான்தான்! சரிசெய்து அழுத்தினேன். கொஞ்ச நேரத்தில் — பொளக்.

கத்திவிட்டேன். டேல் படியில் நின்றிருந்தான்.

"என்ன, நான் திறக்கலைன்னு தெரிஞ்சுதா?"

"நான் எப்ப அப்படி…"

"காலையில முத்தம் குடுக்கறப்ப மோந்து பாத்தியே, லோர்னா."

அதை நான் இங்கேகூட எழுதவில்லை.

"மன்னிச்சுடு, டேல்."

"நேரா கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருந்தா நம்பியிருப்பேனான்னு தெரியல."

"அதுவும் சரிதான்," என்று மேலே போய்விட்டான்.

அக்டோபர் 18

பேச்சு குறைவு.

அக்டோபர் 27, ஞாயிறு

இன்று பாட்டிலில் அடைத்தோம். ஏர்லாக் இன்னும் எப்போதாவது ஒரு குமிழி விடுகிறது. ஆனால் ஹைட்ரோமீட்டர் காட்டும் எண் மூன்று நாளாக மாறவே இல்லை; நொதித்து முடிந்துவிட்டது. ஹீட்டர் போட்டதில், பீரில் கரைந்திருந்த வாயு கிளம்புகிறது, அவ்வளவுதான்.

டேல் கூப்பிடாமலே இறங்கி வந்தான். "ருசி பாக்க நான் உதவமாட்டேன்."

"மூடி அழுத்த உதவலாம்ல."

உட்கார்ந்தான். நான் ஊற்ற, அவன் அழுத்தினான். பாதியில் மேலே போன் அடித்தது. ஜோலீன். அவனையும் திறந்த வாளியையும் விட்டுவிட்டு மேலே போய், கல்யாணக் கதை முழுதும் கேட்டுவிட்டு, நிதானமாக இறங்கி வந்தேன்.