மூன்றாம் வரிசை, பத்தொன்பதாம் கடை

மார்ச் 4, செவ்வாய்

விண்ணப்பக் கெடு இன்றோடு முடிந்தது. நூற்றுப் பன்னிரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். பூங்காவில் அறுபத்து நான்கு கடைகளுக்குத்தான் இடம். வசந்த விழா பத்து நாள் நடக்கும். சாப்பாடு, பானங்கள், பாட்டு, பொம்மலாட்டம், ஓவியம் என்று எல்லாம் ஒரே புல்வெளியில். யாருக்கு எந்த இடம் என்று வரைபடத்தில் குறிப்பது என் வேலை. மாநகராட்சியில் வருடம் முழுக்க என்னென்னவோ செய்கிறேன். ஆனாலும் எல்லோருக்கும் நான் ‘இடம் போடுற அம்மா’தான்.

மேலாளர் வந்து விண்ணப்பக் கட்டைப் புரட்டினார். “ஜூஸ் கடை மட்டும் பதினேழு கேட்டிருக்காங்க. எல்லாரையும் விட்டா ஜனங்க நடக்க மாட்டாங்க, நீந்துவாங்க.”

சிரித்தேன். வீட்டுக்கு வந்து தோசைக்கல்லைக்கூட எடுக்கவில்லை. ரொட்டியும் பாலும்.

மார்ச் 6

எழுபத்து மூன்றாவது விண்ணப்பம். பிளம் சாறு, இஞ்சி எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல் ஊறிய தேநீர். கீழே அக்காவின் பெயர்.

அதே பெயரில் வேறு யாராவது இருக்கலாம் என்று ஒரு நிமிஷம் பார்த்தேன். இல்லை, அக்காதான். கையெழுத்தின் கடைசி எழுத்தைக் கீழே இழுத்துக் கோடு போட்டிருந்தாள். அவளைத் தவிர யாரும் அப்படிப் போட மாட்டார்கள்.

அம்மாவை அடக்கம் செய்து மூன்று வருடம் எட்டு மாதம். அன்றைக்குச் சாயங்காலம் பேசியதுதான் கடைசி. “ஏன் எனக்குச் சொல்லலை?” என்று கேட்டாள். “போன் போட்டேன்க்கா, லைன் கிடைக்கலை” என்றேன். அவள் தன் போனை எடுத்து, வந்த அழைப்புகளைத் திறந்து, என் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். அம்மா இறந்த அன்று பகல் முழுக்க என் பெயர் இல்லை. எல்லாம் முடிந்த பிறகு நாலரைக்குத்தான் இருந்தது.

விண்ணப்பத்தைத் திரும்பக் கட்டுக்குள் வைத்தேன். கட்டின் நடுவில். அது ஒளிக்கிற மாதிரி இருந்ததால் மேலே எடுத்து வைத்தேன். அதுவும் சரியாகப் படவில்லை.

மார்ச் 7

அவள் கடை வைத்திருக்கிறாள் என்றே எனக்குத் தெரியாது. கணக்கு வாத்தியார் வேலை என்ன ஆயிற்று? விட்டுவிட்டாளா? யாரைக் கேட்பது?

மார்ச் 14, வெள்ளி

இடம் போட்டாயிற்று. தேர்வுக் குழுவில் ஏழு பேர் மதிப்பெண் போட்டார்கள். நான் அதில் இல்லை. அக்கா பதினோராவதாக வந்திருந்தாள். தன் கைத்திறமையில் வந்தாள். அதை இங்கே எழுதி வைக்கத் தோன்றுகிறது.

ஆனால் இடம் நான் கொடுத்தது. மூன்றாம் வரிசை, பத்தொன்பது. பெரிய மரத்தின் நிழல், பக்கத்தில் தண்ணீர்க் குழாய், ஒலிபெருக்கிக்கு முதுகு காட்டிய மூலை. சத்தம் கேட்டால் அக்காவுக்கு ஒற்றைத் தலைவலி வரும். சின்ன வயதில் நான் கரண்டி கீழே போட்டாலே தலையைப் பிடித்துக்கொள்வாள்.

அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போடும்போது பேனா ஒருமுறை நின்றது. இந்தக் கடிதங்களை யாரும் படிப்பதில்லை. எண்ணைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள்.

மார்ச் 20

ரொட்டிக் கடைக்காரர் வந்து சண்டை. நிழலான இடம் தனக்குத்தான் வேண்டுமாம். வெயிலில் வெண்ணெய் உருகிவிடுமாம். “ரெண்டு வருஷமா வர்றேன், புதுசா வந்த ஜூஸ் கடைக்கு மரத்தடியா? யாரோட ஆளு அது?”

மேலாளர் என்னைப் பார்த்தார். “உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?”

“இல்லையே. யாருன்னே தெரியாது” என்றேன்.

நினைக்கக்கூட இல்லை. தானாக வந்தது. ரொட்டிக்காரருக்கு வேறு நிழலைக் காட்டினேன், சமாதானமாகிப் போனார். கழிப்பறையில் போய் முகம் கழுவினேன். கண்ணாடியில் பார்த்தால் அக்கா மூக்கு.

யாருன்னே தெரியாதாம். என்ன ஜென்மம் நான்.

மார்ச் 21

காலையிலேயே மேலாளர் அறைக்குப் போய் உண்மையைச் சொன்னேன். அக்கா, கூடப் பிறந்தவள், பேச்சு வார்த்தை இல்லை. அவர் மதிப்பெண் தாளை வாங்கிப் பார்த்தார். “பதினொண்ணாவது வந்திருக்காங்க. அந்த இடத்தை யாருக்காவது கொடுத்துத்தானே ஆகணும். கோப்புல ஒரு வரி எழுதி வச்சுடுங்க.” பிறகு, “பேச்சு வார்த்தை இல்லாதவங்களுக்கா மரத்தடி பார்த்துப் போட்டீங்க?” என்றார்.

கோப்பை எடுத்து அந்த ஒரு வரியை எழுதினேன்.

ஏப்ரல் 2

நிகழ்ச்சி நிரல் அச்சுக்குப் போனது. பிழை திருத்திக் கண் எரிகிறது.

ஏப்ரல் 11, வெள்ளி

விழா தொடங்கியது. மூன்று நாள் முன்பு வரை மொட்டையாக நின்ற மரங்களெல்லாம் ஒரே மூச்சில் பூத்துவிட்டன. மேடையில் ஊதுகருவிக் குழு. வறுத்த காப்பிக்கொட்டை வாசனை. ஈரச் சாயத்தோடு ஓவியர்கள் சட்டகங்களைத் தூக்கிக்கொண்டு ஓட்டம். ஊரே வெளியே வந்துவிட்டது.

நான் ஒன்று, இரண்டு, நான்கு, ஐந்தாம் வரிசைகளைச் சுற்றிப் பார்த்தேன். மூன்றாம் வரிசைக்கு மின்பணியாளரை அனுப்பினேன். “அங்க எல்லாம் சரியாத்தான் இருக்கு, நீங்களும் ஒரு தடவை வந்து பாருங்களேன்” என்றார். கால் வலி என்று சொன்னேன்.

ஏப்ரல் 12

பொம்மலாட்டக் கூடாரத்துக்குப் பின்னால் நின்றால் பத்தொன்பது தெரியும். நின்றேன்.

முடியை வெட்டிவிட்டாள். கழுத்து வெறுமையாக இருக்கிறது. அத்தான் கோப்பைகளைக் கழுவிக் கவிழ்க்கிறார், அவள் ஊற்றுகிறாள். ஊற்றி முடித்ததும் ஜாடியின் மூக்கை விரலால் துடைக்கிறாள். அம்மா எண்ணெய்ப் புட்டியைத் துடைப்பது அப்படித்தான். அவளுக்கே தெரியாது என்று நினைக்கிறேன். எனக்கு ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் போல் இருந்தது. அதைச் சொல்ல உலகத்தில் எனக்கு வேறு ஆள் இல்லையே!

கூடாரத்துக்குள் குழந்தைகள் ஏதோ ராட்சசனைப் பார்த்துக் கத்தினார்கள். அக்கா நிமிர்ந்தாள். நான் குனிந்துகொண்டேன். நாற்பத்து மூன்று வயதில்.

ஏப்ரல் 13

அத்தான் பிடித்துவிட்டார். காப்பிக் கடை வரிசையில் எனக்குப் பின்னால் வந்து நின்று, “என்னம்மா சின்னவளே, நகரத்துக்கே இடம் போடுற, எங்களைப் பார்க்க ஒரு நடை வர மாட்டியா?” என்றார். கண் நிறைந்துவிட்டது. அதைப் பார்த்ததும் அவர் கேலியை விட்டுவிட்டார்.

அக்கா போன வருடம் வேலையை விட்டாளாம். வகுப்பறைச் சத்தத்தில் தலைவலி தாங்கவில்லையாம்.

“நான் இங்க இருக்கறது அவளுக்குத் தெரியுமா?” என்று கேட்டேன்.

“அதை அவகிட்டயே கேளு. நடுவுல நின்னு நான் ரெண்டு பக்கமும் உதை வாங்க முடியாது.” காப்பியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

ஏப்ரல் 15

மழை. சேர்ந்திசை ரத்து. பாடகர்கள் கூடாரத்தில் ஒதுங்கி, யாரும் கேட்காமலே பாடினார்கள். இந்த விழாவிலேயே அதுதான் நல்ல பாட்டு.

ஏப்ரல் 17, வியாழன்

வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒன்பது பேர். ஒவ்வொருவராகக் குறையும்போது போய்விடலாம் என்று தோன்றியது. பின்னால் இருந்த அம்மாள் தன் கூடையால் என்னைத் தள்ளிக்கொண்டே இருந்தார், அவருக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

“என்ன வேணும்?”

“எதுன்னாலும்.”

“எதுன்னாலும்னு இங்க ஒண்ணும் இல்ல. மூணுதான் இருக்கு.”

“பிளம்.”

ஊற்றினாள். ஜாடி மூக்கைத் துடைத்தாள். கோப்பையை என் கையில் கொடுக்காமல் பலகை மேல் வைத்தாள். “அடுத்து?”

அவ்வளவுதான். மரத்துக்கு அந்தப் பக்கம் போய் நின்று குடித்தேன். புளிப்பு, அப்புறம் இனிப்பு, கடைசியில் லேசாக உப்பு. உப்புப் போட யார் சொன்னது? அவ்வளவு நன்றாக இருந்தது. இரண்டாவது கோப்பை கேட்கத் தைரியம் வரவில்லை.

அடுத்து-ன்னுட்டா. வரிசையில நிக்கற யாரோ மாதிரி. நான் மட்டும் என்ன சொன்னேன்? யாருன்னே தெரியாதுன்னேன். கணக்குத் தீர்ந்தது.

ஏப்ரல் 18

இங்கேயாவது எழுதிவிட வேண்டும். வேறு யாரும் படிக்கப்போவதில்லை.

அம்மா இறந்த அன்று காலை டாக்டர் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு, “சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிடுங்க” என்றார். போன் என் கையில் இருந்தது. அக்கா இரண்டு மணி நேரத் தூரம்தான். கூப்பிட்டிருந்தால் வந்திருப்பாள்.

ஒன்பது மாதம் நான் பார்த்துக்கொண்டேன். துடைத்தேன், திருப்பிப் படுக்க வைத்தேன், ஊட்டினேன். அந்த ஒன்பது மாதமும் அம்மா வாயில் பெரியவள் பேச்சுதான். பெரியவ கெட்டிக்காரி, பெரியவ இருந்தா இப்படிச் செய்வா. மாதம் ஒரு ஞாயிறு அக்கா வந்தால் அம்மா எழுந்தே உட்கார்ந்துவிடுவாள். அன்றைக்கு அவள் வந்துவிட்டால் அந்த நாளும் அவளுடையதாகிவிடும். எனக்கு ஒரே ஒரு நாள் அம்மா வேண்டும் என்று இருந்தது. எனக்கே எனக்கு.

அதுதான். பயத்தில் சொல்லாமல் இருந்தேன் என்று இத்தனை நாள் எனக்கே கதை சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 20

கடைசி நாள். கூட்டம் அலைமோதியது. பத்தொன்பதாம் கடையில் மூன்று மணிக்கே எல்லாம் தீர்ந்துபோய்ப் பலகையைக் கவிழ்த்துவிட்டார்கள்.

ஏப்ரல் 21, திங்கள்

கடைகளைப் பிரிக்கும் நாள். கூடாரங்களைச் சுருட்டுகிறார்கள், புல்லில் சதுரம் சதுரமாக மஞ்சள் தடம். வரிசை வரிசையாக இடத்தைச் சரிபார்த்துக் கையெழுத்து வாங்க வேண்டும். மூன்றாம் வரிசைக்கும் நானே போனேன்.

அத்தான் வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார். அக்கா கவிழ்த்த பழப்பெட்டி மேல் உட்கார்ந்திருந்தாள். தாளை நீட்டினேன். வாங்கிக்கொண்டு, “கடிதத்துல உன் கையெழுத்தைப் பார்த்தேன்” என்றாள்.

“யாரும் பார்க்க மாட்டாங்கன்னு நினைச்சேன்.”

“உன் ஆபீஸுன்னு தெரிஞ்சுதான் மனுவே போட்டேன். வேற ஊர்ல விழாவே இல்லையா என்ன?” தாளைப் பக்கத்தில் வைத்துவிட்டு, “நெழல் பார்த்துப் போட்டிருந்தே. தலைவலி ஒரு நாள்கூட வரல. ஆனா அதுல எதுவும் சரியாயிடாதுடி” என்றாள்.

“தெரியும்க்கா.”

“எனக்கு மன்னிப்பு எல்லாம் வேண்டாம். அந்த நாளைச் சொல்லு. காலையிலேருந்து. ஒண்ணு விடாம.”

இன்னொரு பெட்டியைக் கவிழ்த்து உட்கார்ந்து சொன்னேன். அம்மா ஜன்னலைத் திறக்கச் சொன்னது. ஆரஞ்சுச் சுளை இரண்டு சாப்பிட்டது, மூன்றாவதை வேண்டாம் என்றது. என் விரலைப் பிடித்துக்கொண்டு தூங்கியது. அக்கா நடுநடுவே கேட்டாள்: “என்ன போர்வை? நீலமா, கட்டம் போட்டதா?” கட்டம் போட்டது. “வலி இருந்துச்சா?” மதியத்துக்கு மேல் இல்லை.

பிறகு சொல்லக்கூடாததையும் சொன்னேன். “உன்னைக் கேட்டாங்க. பெரியவ வந்துட்டாளான்னு மூணு தடவை. வந்துக்கிட்டிருக்கான்னு சொன்னேன். போனே பண்ணாம. டாக்டர் சொல்லச் சொன்னாருக்கா. நான்தான்… அன்னைக்கு ஒரு நாள் எனக்கு மட்டும் வேணும்னு இருந்துச்சு.”

அக்கா என்னைப் பார்க்கவில்லை. மடியில் இருந்த துணியை மடித்தாள், பிரித்தாள், மடித்தாள். எதிரே இரண்டு பேர் மேடைப் பலகைகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

“மூணு தடவையா?” என்றாள்.

“மூணு.”

எழுந்து தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். “போதும். இன்னைக்கு இது போதும்.” வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். அத்தான் என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். வண்டி போய்விட்டது.

ஏப்ரல் 24

அலுவலகத்தில் எல்லோரும் பாராட்டு. இதுவரை இல்லாத கூட்டமாம். கேக் வெட்டினார்கள். ஒரு துண்டு சாப்பிட்டேன்.

ஏப்ரல் 29

சொல்லாமலே இருந்திருக்கலாமோ. அவளுக்கு அந்த மூன்று தடவையைக் கொடுத்துவிட்டேனே. இனி அவளும் அல்லவா அதை வைத்துக்கொண்டு திரிய வேண்டும்.

இல்லை. அவளுடையதுதான் அது. நான் இத்தனை வருடம் வைத்திருந்தேன்.

மே 3

இன்று மூன்று முறை போனை எடுத்தேன். எண் மாறவில்லை என்று காப்பிக் கடை வரிசையில் அத்தான் சொன்னதுகூட நினைவில் இருக்கிறது. கீழே வைத்துவிட்டேன். கேட்க வேண்டியதை அவள் கேட்டாயிற்று. இனி அவள் பாடு.

மே 8

அக்காவிடமிருந்து குறுஞ்செய்தி. “ஞாயிறு வர்றேன். சமைச்சு வைக்காதே. உன் சமையல் எனக்குத் தெரியும்.”

இருபது தடவை படித்தேன்.

மே 11, ஞாயிறு

மதியம் மூன்று மணி. அக்கா சோபாவில் தூங்குகிறாள். சாப்பிட்ட கையோடு சாய்ந்தவள். வாய் லேசாகத் திறந்திருக்கிறது. பேனா உரசும் சத்தம் கேட்காமல் சமையல்கட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வந்ததும் வராததுமாகச் சண்டை. அம்மாவின் மூக்குக் கண்ணாடியை நான் ஏன் தூக்கிப் போட்டேன் என்று கேட்டாள். தூக்கிப் போடவில்லை என்றேன். எங்கே என்றாள். தெரியவில்லை என்றேன். தெரியவில்லை என்றால் அது தூக்கிப் போட்டதுதான் என்றாள். அங்கிருந்து எங்கெங்கோ போயிற்று. ஒன்பது மாதத்துக்கும் போனோம், மாதம் ஒரு ஞாயிறுக்கும் போனோம். “என்னையும் கூப்பிட்டிருக்கலாமேடி, பாதி நாளாவது நான் வந்து பார்த்திருப்பேனே, நீ கேட்கவே இல்லையே” என்று கத்தினாள். “நீயா வந்திருக்கணும்” என்று நானும் கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டினார். இரண்டு பேரும் அழுதோம். அப்புறம் அவள் தான் சமைத்துக் கொண்டுவந்திருந்த பாத்திரங்களைத் திறந்து, “ஆறிப்போச்சு பாரு” என்றாள்.

இப்போதுதான் அத்தான் போன் செய்தார். நான் குரலைத் தாழ்த்திப் பேசினேன்.

“என்ன, சண்டை போட்டாச்சா?”

“போட்டாச்சு அத்தான்.”

“அப்ப சரி. ராத்திரிச் சாப்பாட்டுக்கு நான் என்ன பண்றேன்னு கவலைப்பட வேண்டாம்னு அவகிட்ட சொல்லு. அவ மூணு நாளைக்குத் துணி எடுத்துக்கிட்டுத்தான் வந்திருக்கா.”