திங்கட்கிழமைக்குள் முசியேவை வெளியே எடுக்க வேண்டும்

அனுப்புநர்
அ. லூர்துசெல்வி,
அவசர ஊர்தி உதவியாளர் பயிற்சி மாணவி,
உப்பளம், புதுச்சேரி.

பெறுநர்
இயக்குநர் அவர்கள்,
அவசர மருத்துவப் பயிற்சித் திட்டம்,
புதுச்சேரி.

பொருள்: பயிற்சி நிலையத்தில் பூட்டி வைக்கப்பட்டிருக்கும் பயிற்சிப் பொம்மையை, நாங்கள் பணியில் சேருமுன் எங்கள் கையில் தரக் கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய இயக்குநர் ஐயாவுக்கு வணக்கம்.

1. உழவர்கரையில் தங்கள் திட்டத்தின் கீழ் நடக்கும் நிலையத்தில் அடிப்படைப் பாடத்தை முடித்து, முதல் வகுப்பில் தேறியிருக்கிறேன். வரும் திங்கட்கிழமை காலாப்பட்டு ஆம்புலன்சில் பணியில் சேரும்படி ஆணையும் வந்துவிட்டது. போன ஞாயிறு பூசையில் பங்குச் சாமியார் என் பெயரைச் சொல்லி ஜெபித்தார். என் அம்மா தெரு முழுக்க கேக் கொடுத்தார். வீடே சந்தோஷப்படும் இந்த நேரத்தில், எனக்குச் செய்யத் தெரியாத வேலைக்கு என்னை அனுப்புகிறீர்கள் என்று நான் முறையிட வேண்டியிருக்கிறது. தயவுசெய்து கடைசி வரை படிக்க வேண்டுகிறேன்.

2. பாடம் தெரியாது என்று சொல்லவில்லை. விழுந்து கிடப்பவரிடம் போகுமுன் அங்கே நமக்கு ஆபத்து உண்டா என்று பார்க்க வேண்டும். தோளைத் தட்டிக் கூப்பிட வேண்டும். பேச்சும் மூச்சும் இல்லையென்றால் உதவிக்கு ஆள் கூப்பிட்டு, நெஞ்சின் நடுவே இரண்டு கையையும் வைத்து, இரண்டு அங்குலம் இறங்கும்படி விடாமல் அழுத்த வேண்டும். ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுதாக எழும்ப விட வேண்டும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் அந்த இரண்டு அங்குலத்துக்கு எவ்வளவு பலம் வேண்டும் என்று என் கைக்குத் தெரியாது. உயிரோடு நன்றாக இருக்கும் ஆள்மீது இதைப் பழகக் கூடாது. அதற்குத்தான் பொம்மை.

3. பொம்மை இருக்கிறது, ஐயா. கண்ணாடி அலமாரியில், வந்த நாளில் போட்ட பிளாஸ்டிக் உறையோடு, முகத்தைக் கூரைக்குக் காட்டிப் படுத்திருக்கிறது. அந்தக் காலத்துப் பிரெஞ்சுத் துரை மாதிரி யாரும் தொடாமல் கிடப்பதால் நாங்கள் அதற்கு முசியே என்று பெயர் வைத்திருக்கிறோம். சரியான ஆழத்துக்கு அழுத்தினால் முசியேவின் நெஞ்சுக்குள் 'டக்' என்று சத்தம் கேட்குமாம். கேட்டவர் எங்களில் ஒருவரும் இல்லை. நாங்கள் தலையணையை வைத்துத்தான் பழகினோம்.

4. யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. முன்பு இருந்த பொம்மையை மாணவர்கள் அழுத்தி அழுத்தி அதன் ஸ்பிரிங் உடைந்துபோனது. அது உடைவதற்காகவே வாங்கிய பொருள் என்று யாருக்கும் தோன்றவில்லை. பொருள் அறையைப் பார்த்துக்கொள்ளும் கலைவாணி அம்மாவுக்கு மெமோ கொடுத்தார்கள். அன்றிலிருந்து, ஆய்வுக்கு அதிகாரிகள் வரும்போது தவிர அலமாரியைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு. எங்கள் பயிற்றுநர் கோபிநாத் சார் சாவி கேட்கும்போதெல்லாம் ஆய்வு முடியட்டும் என்றார்கள். ஒரு ஆய்வு முடிந்தால் அடுத்த ஆய்வு அறிவிப்பார்கள்.

5. தாங்கள் ஆய்வுக்கு வந்த அன்று நானும் இருந்தேன். முசியேவை மேசைமேல் கிடத்தி எங்களைச் சுற்றி நிறுத்தினார்கள். அழுத்துவதுபோல் கையை வையுங்கள், ஆனால் படக் கூடாது என்றார் புகைப்படக்காரர். அந்தப் படம்தான் இப்போது நிலையத்தின் வாசலில் பெரிதாக மாட்டியிருக்கிறது. நன்றாக உற்றுப் பார்த்தால் என் கைக்கும் பொம்மைக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி தெரியும். படத்தில் தாங்கள் சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள். நானும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

6. போன மாதம் ஒரு சாயங்காலம், உப்பளம் மைதானத்தின் பக்கம் நானும் என்னோடு படிக்கும் ஜெஸ்வினும் வந்துகொண்டிருந்தோம். நடைப்பயிற்சிக்கு வந்த பலராமன் என்பவர் எங்கள் கண்முன்னே சாய்ந்தார். மூச்சு இல்லை. ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு ஜெஸ்வின் அழுத்த ஆரம்பித்தான், நான் எண்ணினேன். நன்றாகத்தான் அழுத்தினான். திடீரென்று அவன் கைக்கடியில் விலா எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. அவன் நெருப்பைத் தொட்டதுபோல் கையை எடுத்துவிட்டான். எலும்பு முறியலாம், அதற்காக நிறுத்தக் கூடாது என்று பாடத்தில் இருக்கிறது. தேர்வில் அந்தக் கேள்விக்கு இருவருமே சரியாக எழுதியிருந்தோம். இருந்தும் அவன் அழுதுகொண்டு நின்றான். நான் மறுபடி அழுத்தினேன், ஆனால் இன்னொன்று முறிந்துவிடுமோ என்று பயந்து, தலையணையை அழுத்துவதுபோல் அழுத்தினேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் திட்டவில்லை. "முதல்ல சரியாத்தாம்மா பண்ணியிருக்கீங்க, நிறுத்தியிருக்கக் கூடாது," என்று மட்டும் சொன்னார். நிறுத்தாமல் இருந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டேன். அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

7. காரியம் முடிந்த மறுநாள் பலராமன் அவர்களின் மனைவி ராஜாம்பாள் எங்களைத் தேடி நிலையத்துக்கே வந்தார். ஜெஸ்வினின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "ஊருசனம் சுத்தி நின்னு வேடிக்கதான் பாத்துச்சு. எங்க ஊட்டுக்காரர கடைசியா தொட்டது இந்தக் கைதாம்பா, நல்லா இரு," என்றார். அன்றிலிருந்து ஜெஸ்வின் நிலையத்துப் பக்கமே வரவில்லை, போன் செய்தாலும் எடுப்பதில்லை. அவனுக்கும் திங்கட்கிழமை சேரச் சொல்லி ஆணை வந்திருக்கிறது, ஐயா.

8. இதற்கு முன் இரண்டு மனு கொடுத்தேன். பரிசீலனையில் உள்ளது என்று பதில் வந்தது. எனக்கு இனி பரிசீலனைக்கு நேரம் இல்லை. ஈ.சி.ஆரில் விபத்து நடந்தாலோ, மீனவர் குப்பத்தில் ஒருவர் விழுந்தாலோ, திங்கள் முதல் ஆம்புலன்ஸ் சட்டை போட்டுக்கொண்டு இறங்கப்போவது நான். அந்தச் சட்டையைப் பார்த்ததும் ஜனங்கள் நகர்ந்து எனக்கு வழி விடுவார்கள்.

9. ஆகையால் நான் கேட்பது: நாளை வெள்ளி, பிறகு சனி, ஞாயிறு. இந்த மூன்று நாளும் அலமாரியைத் திறந்துவிட வேண்டும். கோபிநாத் சார் விடுமுறையிலும் வந்து சொல்லித்தரத் தயாராக இருக்கிறார். முசியே உடைந்தால் கலைவாணி அம்மாவைக் கேட்கக் கூடாது, என்னைக் கேளுங்கள். திறக்க முடியாது என்றால் எங்கள் பணி ஆணையைத் தள்ளி வையுங்கள். அதுவும் முடியாது என்றால், நான் தேர்வில் தவறிவிட்டேன் என்றாவது அறிவியுங்கள். அம்மாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

10. நாங்கள் பழகிய தலையணையை இம்மனுவோடு அனுப்பியிருக்கிறேன். தயவுசெய்து மேசைமேல் வைத்து, ஒரே ஒரு முறை, தங்கள் இரண்டு கையாலும் அழுத்திப் பாருங்கள். சத்தம் எதுவும் வராது. காலாப்பட்டுக்கு நான் கற்றுக்கொண்டு போவது அவ்வளவுதான்.

தங்கள் உத்தரவை எதிர்பார்த்து நிற்கும்,

(ஒப்பம்)
அ. லூர்துசெல்வி

இடம்: புதுச்சேரி
நாள்: 13.02.2025

இணைப்பு:
பணி ஆணை நகல்
ஆய்வு நாள் புகைப்படத்தின் நகல்
தலையணை ஒன்று (திருப்பித் தர வேண்டாம்)