எங்க வீட்டுல பண்ணது

பிப்ரவரி 4

அன்புத் தம்பிக்கு,

இங்கே நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறையவில்லை, ஆனால் உன் பேச்சை எடுத்தால் வலி மறந்துவிடுகிறது. போனில் சொன்னால் ‘சரிக்கா, சரிக்கா’ என்று வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரியில் எங்கள் பில் பிரிவை ஏப்ரலோடு மூடுகிறார்கள். புது மென்பொருள் வந்துவிட்டது. இனி நர்சுகளே வார்டிலிருந்து பில் போட்டுவிடுவார்களாம். எங்களில் யாருக்கும் வேறு இடம் இல்லை என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

இதோடு ஒரு எக்செல் கோப்பு இருக்கிறது. கணக்கு என்று நினைத்து மூடிவிடாதே. அது விளையாட்டு. என் மேசைக்கு எதிரே இருக்கும் லிப்ட் உனக்குத் தெரியுமே, ஆறு மாடிக்கும் அது ஒன்றுதான். ஸ்ட்ரெச்சர், சாப்பாட்டு வண்டி, டாக்டர், பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அதற்குத்தான் நிற்க வேண்டும். அதையே பார்த்துப் பார்த்துக் கட்டங்களில் செய்தேன். ஒவ்வொரு வரிசையும் ஒரு மாடி. யாரை ஏற்றுவது என்று எண்ணை அடித்தால் மற்றக் கட்டங்கள் நிறம் மாறும். எல்லோரையும் ஏற்ற முடியாது. சத்தம் போடுகிறவர்களின் கட்டம் சிவந்துகொண்டே போகும். நாலாவது மாடி மூலையில் சத்தமே போடாத ஒரு பெரியவரை வைத்திருக்கிறேன், அவர் கட்டம் அப்படியே இருக்கும், பிறகு திடீரென்று காலியாகிவிடும்.

உங்கள் கம்பெனியில் விளையாட்டுகளுக்கு லெவல் அமைக்க ஆள் எடுப்பதாக விளம்பரம் பார்த்தேன். இதை உன் டீம் தலைவரிடம் காட்டு. நான் பண்ணினேன் என்று சொல். எனக்கு அந்த வேலை வேண்டும்.

உன் அக்கா


பிப்ரவரி 19

அன்புள்ள அக்கா,

தாமதத்துக்குக் கோபித்துக்கொள்ளாதே. அம்மாவை மாத்திரையை ஒழுங்காகப் போடச் சொல்.

அப்பா எனக்கு கேம் சிடியும் உனக்கு ஆபீஸ் பேக்கேஜ் கோர்ஸும் வாங்கித் தந்தார். நீ அதிலேயே கேம் பண்ணியிருக்கிறாய். சிரித்துவிட்டேன். ஆனால் என் டீமைப் பற்றிச் சொல்ல வேண்டும். எல்லோரும் பையன்கள். போன வருஷம் ஒரு பெண் சேர்ந்தாள். ‘பொம்மைக்குச் சட்டை மாத்துற கேம் ஒண்ணு பண்ணும்மா’ என்று சொல்லிச் சொல்லியே அவளை வெளியே அனுப்பிவிட்டார்கள். எக்செல் என்றால் ஆபீஸ் அம்மாக்கள் சமாசாரம் என்பார்கள். உன்னைக் கேலி செய்தால் எனக்குத் தாங்காது.

எனக்கே இங்கே நாற்காலி ஆடிக்கொண்டிருக்கிறது. கொடுத்த யோசனை எல்லாவற்றையும் தள்ளிவிட்டார்கள். நேரம் பார்த்துக் காட்டுகிறேன். அதுவரை ஏதாவது கணக்குப் பிரிவில் விண்ணப்பித்து வையேன்.

உன் பாசமுள்ள தம்பி


பிப்ரவரி 27

அன்புத் தம்பிக்கு,

கேலி செய்தால் நான் பட்டுக்கொள்கிறேன். அதை நீ எனக்காகப் பட வேண்டாம்.

எங்கள் காசாளர் சாப்பாட்டு நேரத்தில் அதை ஆடிப் பார்த்தார். நாலாவது மாடிப் பெரியவரை விட்டுவிட்டோமே என்று சாயங்காலம் வரை சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு, ‘கேம் கம்பெனில தம்பி இருந்தா இதெல்லாம் ஈஸியா பண்ணித் தருவான், இல்ல மேடம்?’ என்றார். நான்தான் பண்ணினேன் என்றேன். ‘அப்படியா’ என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார். வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். வேலை போகிற நேரத்தில் உனக்கு விளையாட்டு ஒரு கேடா என்றாள். நீ விளையாடினால் அவளுக்கு அது படிப்பு.

உன் ஆபீசில் யாராவது ஒருவர் அதைத் திறந்து பார்த்தால் போதும். அதற்குத்தான் உன்னைக் கேட்கிறேன்.

உன் அக்கா


மார்ச் 22

அக்கா,

அவசரமாக எழுதுகிறேன். காட்டினேன். டீம் தலைவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. மத்தியானம் சாப்பிடப் போகாமல் ஆடினார். இன்னும் ஆறு மாடி வேண்டும், இரண்டாவது லிப்ட் ஒன்று பாதியில் பழுதாக வேண்டும், சூத்திரங்களை எப்படி எழுதினாய் என்றும் விளக்கம் வேண்டும். திங்கட்கிழமைக்குள் அனுப்பிவிடு. வேலை விஷயம் அப்புறம் பேசலாம். என் நாற்காலி இப்போதைக்கு ஆடவில்லை, அம்மாவிடம் சொல்.

தம்பி


மார்ச் 25

அன்புத் தம்பிக்கு,

கேட்டது எல்லாம் இதோடு இருக்கிறது. இரண்டாவது லிப்ட் எனக்கே பிடித்திருக்கிறது.

ஒன்றே ஒன்று. என் பெயரைச் சொன்னாயா?

உன் அக்கா


ஏப்ரல் 20

தம்பிக்கு,

உன் பதில் வரவில்லை. பில் அறையில் மேசைகளைத் தூக்கிக்கொண்டு போகத் தொடங்கிவிட்டார்கள். அதனால் நானே உங்கள் கம்பெனிக்கு விண்ணப்பித்தேன். கூப்பிட்டார்கள். நேற்று வந்தேன். நீ வேறு கிளைக்குப் போயிருந்தாய்.

கண்ணாடி அறையில் உன் டீம் தலைவர் உட்கார்ந்திருந்தார். மரியாதையானவர், தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் பேச ஆரம்பித்தார். நாங்கள் எதிர்பார்ப்பது இந்தத் தரம் என்று சொல்லிச் சுவரில் ஒரு விளையாட்டைப் போட்டுக் காட்டினார். லிப்ட். படம் எல்லாம் புதிதாக வரைந்திருந்தார்கள். நாலாவது மாடியில் அந்தப் பெரியவர் இருந்தார். நான் வைத்த அதே மூலையில்.

யார் பண்ணியது என்று கேட்டேன். ‘நம்ம பையன் ஒருத்தன்’ என்றார். உனக்கு ஏதாவது காரணம் இருக்கும் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டேன். பிறகு என் விண்ணப்பத்தைப் பார்த்தார். ‘கேம் டீம்ல லேடீஸ் யாரும் தாக்குப்பிடிக்கல மேடம். ஆனா எக்செல் போட்டிருக்கீங்க. யார் எந்த வேலைய எப்ப முடிச்சாங்கன்னு அதுல பதிவு பண்றதுக்கு ஒருத்தர் வேணும். உங்களுக்குக் கண்ண மூடிட்டுச் செய்யற வேலை’ என்றார். சான்றிதழ்களோடு வரும் வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.

நான் வருவதற்குள் அவரிடம் உண்மையைச் சொல்லிவிடு. வேறெதுவும் கேட்கவில்லை.

அக்கா


ஏப்ரல் 22

அன்புள்ள அக்கா,

நான் பொய் சொல்லவில்லை. யார் பண்ணியது என்று கேட்டபோது ‘எங்க வீட்டுல பண்ணது சார்’ என்றுதான் சொன்னேன். நான் வீட்டில் உட்கார்ந்து பண்ணியதாக அவர் எடுத்துக்கொண்டார். முதுகில் தட்டினார். அந்த நேரத்தில் எப்படித் திருத்துவது, நீயே சொல்.

இப்போது அது என் பெயரில் மேலிடம் வரைக்கும் போய்விட்டது. திருத்தினால் என்னை அன்றைக்கே அனுப்பிவிடுவார்கள். அந்தப் பதிவு வேலையை ஒத்துக்கொள். உள்ளே வந்துவிட்டால் மெல்ல மெல்ல நானே சொல்லி உன்னை டீமுக்குக் கொண்டுவருகிறேன். நம் இரண்டு பேருக்குள் உன்னது என்னது என்ன இருக்கிறது. வெள்ளிக்கிழமை மட்டும் எதுவும் பேசிவிடாதே. உன் காலில் விழுகிறேன்.

உன் தம்பி


ஏப்ரல் 28

தம்பிக்கு,

பஸ்ஸில் போகும்போது உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பேசாமல் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றுதான் கண்ணாடி அறைக்குள் வந்தேன். சான்றிதழ்களைப் புரட்டிக்கொண்டே அவர், ‘நீங்க கேமெல்லாம் ஆடுவீங்களா மேடம்?’ என்று சும்மா கேட்டார். என்னால் முடியவில்லை. சொன்னேன். உன் அக்கா என்றும் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. சிரிக்கவும் இல்லை. கதவைத் திறந்து உன்னைக் கூப்பிட்டார். நீ உள்ளே வந்தாய். ‘உங்க அக்கா சொல்றது நிஜமா?’ என்று கேட்டார். அவர் உனக்கு நேரம் கொடுத்தார், தம்பி. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். போதுமான நேரம் கொடுத்தார்.

‘அக்காதான் சார் எனக்கு எக்செல் சொல்லிக் குடுத்தாங்க.’

அவருக்கு அது உடனே பொருந்திவிட்டது. முகம் தெளிந்துவிட்டது. எல்லா வீட்டிலும் அக்காமார் இப்படித்தான் என்று சொல்லிச் சான்றிதழ்களை என் பக்கம் தள்ளினார். ஒரே குடும்பத்தில் இரண்டு பேர் வேண்டாம் என்றார். என்னை வாசல் வரை கொண்டுவந்துவிட்டதும் அவர்தான். நீ உன் இடத்துக்குப் போய்விட்டாய்.

இன்றோடு பில் அறையும் முடிந்தது. அம்மாவிடம் வேலை கிடைக்கவில்லை என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். தெருவில் எல்லோரிடமும் உன் லிப்ட் விளையாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறாள். எனக்கும் விளக்கிச் சொன்னாள்.

இனி எனக்கு எழுதாதே. அம்மாவுக்குப் போன் செய்வதை நிறுத்தாதே, அவள் தாங்கமாட்டாள். நான் எடுத்தால், அம்மா இருக்கிறாளா என்று கேள். கூப்பிட்டுக் கொடுக்கிறேன்.